மூன்று மணிக்கு அவர் எங்கே இருந்தார்

உலு திராம் பழைய கடைவரிசைக்கு இடியாப்ப மாவு வாங்கப் போயிருந்தேன். கடை வாசல் வரை போனவன், வண்டியைப் பூட்டினேனா என்ற சந்தேகம் வந்து திரும்பி நடந்தேன். பூட்டித்தான் இருந்தது. எப்போதும் பூட்டித்தான் இருக்கும். ஆனாலும் திரும்பி வருவேன். அப்படி வந்தபோதுதான், கடைகளின் பின்பக்கச் சுவரில் சாரம் கட்டி இரண்டு பேர் ஒரு முழங்காலுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். இரண்டு மாடி உயரப் படம். முகத்தை நான் பிறகுதான் பார்த்தேன். சட்டையின் எட்டாம் எண்ணைப் பார்த்ததுமே ஆள் யார் என்று தெரிந்துவிட்டது.

அந்த முழங்கால் பொய். உரித்த வாழைத்தண்டு மாதிரி வழவழவென்று போட்டிருந்தார்கள். நான் அறிந்த காலம் முழுவதும் அந்த வலது காலில் பழுப்பு நிறக் கட்டு இருந்தது. கட்டுக்கு மேலே சதை பிதுங்கி நிற்கும். படத்தில் கட்டு இல்லை, பிதுங்கல் இல்லை. எட்டாம் எண் சட்டை, காற்றில் பறக்கும் முடி, காலடியில் பந்து. கீழே பெரிய எழுத்தில், ‘ரிபுட் கண்ணையா. நம் மண் தந்த மாவீரர், பண்பாளர்.’

ரிபுட் என்றால் மலாயில் புயல். அது சரிதான். மாவீரர், அதுவும் போகட்டும். பண்பாளர் என்று எழுதினவனை மட்டும் ஒருநாள் என் சாப்பாட்டு டப்பாவோடு அவர் பக்கத்தில் உட்காரவைத்திருக்க வேண்டும்.

சாரத்தின் கீழே ஓர் இளைஞர் கைப்பேசியில் எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டிருந்தார். விழாக் குழுச் செயலாளராம், பெயர் தினேஷ். நான் அண்ணாந்து நிற்பதைப் பார்த்துப் பக்கத்தில் வந்தார்.

“அங்கிள், இவரோட கேம் பாத்திருக்கீங்களா?”

“இவரோட வேலை பாத்தேன், தம்பி. பலகை ஆலையில.”

“அலமாக்! நீங்கதான் எங்களுக்கு வேணும். அடுத்த மாசம் மொத ஞாயிறு ஓப்பனிங். வந்து நாலு வார்த்தை பேசுங்க. சும்மா, நல்லதா, உருக்கமா.”

நல்லதா, உருக்கமா. வரமாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பார்க்கலாம் என்று வந்தது. என் வாய் எப்போதும் அப்படித்தான். அந்த வாயைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

புது வண்ணத்தின் வாடை மூக்கில் ஏறியபோது எனக்குப் பசை வாடை வந்தது. ஒட்டுப் பலகைக்கு நடுவில் பூசுகிற பசை. பழகாதவர்களுக்குக் கண் எரியும், தொண்டை கரகரக்கும். எங்களுக்குச் சோற்றிலேயே அந்த வாடை இருக்கும். சட்டையை மூன்று தரம் அலசினாலும் போகாது. பஸ்ஸில் ஏறினால், பக்கத்தில் இருப்பவர்கள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். அதனால் நான் நின்றுகொண்டே போவேன், இடம் காலியாக இருந்தாலும்.

நான் மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டவன். ஏன் விட்டேன் என்று கேட்டால் சிரிப்பீர்கள். தேர்வன்று மை தீர்ந்துவிடுமோ என்று ஆறு பேனா எடுத்துப் போனேன். பள்ளி வாசலில் நின்று ஆறையும் உள்ளங்கையில் எழுதிப் பார்த்தேன். ஒன்று எழுதவில்லை. ஒன்று எழுதவில்லை என்றால் மற்றதும் நின்றுபோகலாம் அல்லவா? அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். அடுத்த மாதம் ஆலையில் சேர்ந்தேன். அந்த ஆறு பேனாவில் ஐந்து நன்றாகத்தான் எழுதின. இதைச் சரசுவிடம் கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்துத்தான் சொன்னேன்.

ஆலையில் சேர்ந்த புதிதில் ‘ஸ்டோர் கிளார்க், கண்ணையா’ என்று ஓர் அட்டையைத்தான் பார்த்தேன். ஆளைப் பார்க்கவில்லை. ஆளைப் பார்க்க அரங்கத்துக்குப் போகவேண்டும். அந்தக் காலத்தில் பெரிய குழுக்களில் பந்தாடுகிறவர்களுக்கு ஆட்டமே பிழைப்பு இல்லை. எங்காவது ஒரு கம்பெனியில் பேருக்கு ஒரு வேலை இருக்கும். ஆள் வரமாட்டார், சம்பளம் போகும். கம்பெனிக்குப் பெருமை. எங்கள் கம்பெனிக்குக் கண்ணையா பெருமை.

அவர் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். வெறுப்பில் மறைத்தேன் என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது. இங்கிருந்து ஒரு மணி நேர ரப்பர் தோட்டத்துப் பிள்ளை. பால் வாளி தூக்கித் தூக்கி இடது தோள் சற்று இறங்கியிருக்கும். அந்த இறங்கிய தோளால்தான் எதிராளியை ஏமாற்றுவார். தோள் இடது பக்கம் போகும், ஆள் வலது பக்கம் போயிருப்பார். ஓடும்போது பந்து அவருக்கு முன்னால் போகாது, நாய்க்குட்டி மாதிரி பக்கத்திலேயே வரும். மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாரும் ஒரே குரலில் “ரி-புட்! ரி-புட்!” என்று கத்துவார்கள். தகரக் கூரை அதிரும். வெளிநாட்டுக் குழு ஒன்றோடு ஆடியபோது பாதித் திடலிலிருந்து அடித்தார் என்பார்கள். அன்று நான் அங்கேதான் இருந்தேன். ஆனால் பார்க்கவில்லை.

பார்க்கவில்லை என்றால், எனக்குப் பார்க்க முடியாது. அவர் காலுக்குப் பந்து வந்தாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். பந்து பறிபோய்விடுமோ, கோல் போகாதோ, மழை வந்துவிடுமோ, கடைசி பஸ் போய்விடுமோ. அதனால் திடலுக்கு முதுகு காட்டித் திரும்பி, கூட்டத்தின் முகங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஆயிரம் வாய்கள் ஒன்றாகத் திறந்தால் கோல். ஒன்றாகச் சுளித்தால் வெளியே. கண்ணையாவின் மிகப் பெரிய ஆட்டங்களையெல்லாம் நான் அடுத்தவர்கள் முகத்தில்தான் பார்த்தேன். இன்று சுவருக்கு மாலை போடுகிறவர்களில் பாதிப் பேர் அதையும் பார்த்ததில்லை.

இப்போது அந்த அட்டை. ஆலை வாசலில் ஒரு கடிகார இயந்திரம் இருந்தது. காலை ஏழுக்கு வரும்போது நம் அட்டையை அதன் வாயில் செருகினால் ‘டக்’ என்று நேரத்தைப் பதிக்கும். மூன்றுக்குப் போகும்போது இன்னொரு ‘டக்’. தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து அட்டைகளைப் புரட்டுவார்கள். அதனால் வராத கண்ணையாவின் அட்டையும் தினம் இரண்டு தரம் பதியவேண்டும். எங்கள் சூப்பர்வைசர் ராயப்பன் அதற்கு என்னைத்தான் பிடித்தார்.

“உன் கார்டு அடிக்கறப்ப அவர் கார்டையும் அடிச்சிரு. ஒரு நாளும் மறக்கக்கூடாது.”

“சார், யாராச்சும் கேட்டா?”

“கேக்க மாட்டாங்க. கேட்டா, அவர் ஸ்டோர்ல இருக்காருன்னு சொல்லு. ஸ்டோர் பெருசு, யாரு போய்த் தேடப் போறா?”

மறதிக்காரனை விட்டுவிட்டு ஏன் என்னைப் பிடித்தார் என்று உங்களுக்கே புரியும். நான் மறக்கமாட்டேன். காய்ச்சலில் கிடந்தாலும் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து இரண்டு அட்டையும் அடித்துவிட்டுப் போவேன். ஏழு வருடத்தில் கண்ணையா ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை, அட்டைப்படி. வருட முடிவில் நல்ல வருகைக்கு ஒரு சுவர்க்கடிகாரம்கூட அவருக்குக் கொடுத்தார்கள். எனக்குக் கொடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் ஆலைக்கு வருவார். வேலைக்கு அல்ல, கேண்டீனில் பசியாற. கேண்டீன் சாப்பாடு பிடிக்காது. நேராக என் மேசைக்கு வருவார். “கார்டுக்காரா, உங்கம்மா இன்னிக்கு என்னா கட்டியிருக்கு?” என்று என் டப்பாவைத் திறப்பார். கருவாட்டுத் துண்டு இரண்டிருந்தால் இரண்டும் அவருக்கு. சுற்றி இருப்பவர்கள் அதைக் கண்டு சிரிப்பார்கள். ரிபுட் என் டப்பாவில் சாப்பிட்டார் என்பது எனக்குக் கிடைத்த மரியாதை என்று அவர்கள் நினைப்பு. நானும் சிரிப்பேன். எனக்காக அம்மா விடியலில் எழுந்து பொரித்தது அது.

அவர் குடிப்பதும் எல்லாருக்கும் தெரியும். ஆட்டத்துக்கு முந்தின நாளும் சம்சுச் சாராயம். தோற்றால் அது வீட்டில் விடியும். அவர் மனைவி பார்வதியக்காவை ஒரு தீபாவளிச் சந்தையில் பார்த்தேன். வளையலுக்கு மேலே நான்கு விரல் பதிந்த நீலம். “கதவுல இடிச்சிக்கிட்டேன், தம்பி” என்றார். நான் கேட்கவே இல்லை. பண்பாளர்!

அந்த வாரத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை. நான் வழக்கம்போல பசைக் கொதிகலனின் வால்வை மூடினேனா என்று பார்க்க மூன்றாவது தரம் எழுந்து போனேன். திரும்பி வரும்போது கண்ணையா கேண்டீன் நடுவில் நின்றுகொண்டிருந்தார். பெண்கள் மேசையில் பசைப் பிரிவுப் பெண்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். சரசுவும் இருந்தாள். அப்போது அவள் வெறும் சரசு. நான் அவளிடம் அதுவரை பேசிய மொத்த வார்த்தை பதினைந்து இருக்கும். எல்லாம் மழை பற்றி.

“இங்க பாருங்கடி, இவன் கல்யாணம் கட்டினா மொத ராத்திரி என்னா பண்ணுவான் தெரியுமா?” என்றார் கண்ணையா. “கேஸ் மூடிட்டமான்னு பாக்கப் போவான். வந்து படுப்பான். திரும்பப் போவான். விடிஞ்சிரும், லா!”

கேண்டீன் குலுங்கியது. சரசுவும் சிரித்தாள், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதன்பின் இரண்டு நாளைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. (அவர் சொன்னது தப்பில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சரசுவைக் கட்டிய அன்றிரவு நான் இரண்டு தரம்தான் எழுந்து போனேன்.)

வியாழக்கிழமை, சரக்கு வாங்க வெளிநாட்டு ஆட்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்குப் பந்தாட்டம் பிடிக்குமாம். மேனேஜர் உடனே ஆலைக்குப் பின்னால் இருந்த பாடாங் திடலில் ஓர் ஆட்டம் ஏற்பாடு செய்தார். கண்ணையாவைக் கூட்டிவரச் சொல்லிக் கார் போனது. அவருடைய பெரிய குழு அவரை வெளியே எங்கும் ஆடக்கூடாது என்று கட்டுப்படுத்தியிருந்தது. முழங்கால் வேறு வீங்கியிருந்தது. ஆனாலும் வந்தார். மேனேஜர் கூப்பிட்டாரே என்று வந்தாரா, வெளிநாட்டுக்காரன் கைதட்டுவான் என்று வந்தாரா, எனக்குத் தெரியாது. இரண்டும் இருக்கும்.

அந்தப் பாடாங்கின் ஓரத்தில் லோங்காங் ஓடியது. ஆள் ஆழச் சிமெண்டுக் கால்வாய். மூடி கிடையாது. பந்து ஓரக்கோட்டைத் தாண்டப் போனபோது, ஆலை ஆட்டம்தானே என்று வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். அவர் விடவில்லை. பாய்ந்து பந்தை உள்ளே தட்டிவிட்டார். உடம்பு கால்வாய்க்குள் போனது. வலது முழங்கால் அதன் விளிம்பில் மோதியது. இதை நான் பார்க்கவில்லை. இரண்டரை மணிக்கு ஆலை வாசல் வழியாக லாரி போனபோதுதான் பார்த்தேன். லாரியின் பின்னால், நாங்கள் செய்த ஒட்டுப் பலகை ஒன்றின் மேல் அவரைப் படுக்கவைத்திருந்தார்கள். கால் ஒரு பக்கம் இருந்தது, பாதம் வேறு பக்கம் பார்த்தது. அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு போனார்.

மூன்று மணிக்குச் சங்கு ஊதியது. எல்லாரும் வரிசையில் நின்றோம். என் கையில் இரண்டு அட்டை.

அடுத்து நான் செய்ததை யாராலும் நம்பமுடியாது. அட்டைகளை வைத்துப் பிழைத்தவர்களுக்குப் புரியும். என் மூளை ஒன்றைத்தான் யோசித்தது. காலையில் அவருக்கு ‘டக்’ ஆகியிருக்கிறது. மாலையில் ஆகவில்லை என்றால், இவர் எங்கே போனார் என்று கேட்பார்கள். அப்புறம், காலையில் அடித்தது யார் என்று கேட்பார்கள். என் அட்டையை அடித்தேன். அவர் அட்டையையும் அடித்தேன். மூன்று மணி ஒரு நிமிடம். ஆஸ்பத்திரியில் ஒரு மனிதரின் முழங்கால் கட்டைக் கத்தரித்துக்கொண்டிருந்த நேரத்தில், அவர் ஸ்டோர் வேலையை முடித்துவிட்டு நல்ல காலோடு வீட்டுக்குப் போனார் என்று நான் பதிந்துவிட்டேன்.

ராயப்பன் ஓடிவந்தார். “அவர் கார்டு?”

“அடிச்சிட்டேன் சார்.”

ஒரு நொடி என்னையே பார்த்தார். பிறகு தோளில் தட்டினார். “கெட்டிக்காரன்டா நீ” என்றார். ஏன் சொன்னார் என்று அப்போது புரியவில்லை. பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு நடந்தது இதுதான். சிங்கப்பூரில் ஒரு டாக்டர் முழங்காலை அறுத்துச் சரிசெய்வார், ஆனால் இரண்டு மாதத்துக்குள் செய்யவேண்டும் என்றார்கள். செலவுக்குக் கம்பெனி கடிதம் வேண்டும். பெரிய குழுவைக் கேட்டால், எங்கள் ஆட்டத்தில் அடிபடவில்லையே என்றது. கம்பெனியைக் கேட்டால், அப்படி ஓர் ஆட்டமே நடக்கவில்லை என்றது. தலைமை அலுவலகத்தைக் கேட்காமல் மேனேஜர் நடத்திய ஆட்டம், அவர் ஏன் ஒத்துக்கொள்ளப் போகிறார்? கூட ஆடினவர்களும் வேலைக்குப் பயந்து வாய் திறக்கவில்லை. “எங்கள் கிளார்க் அன்று மூன்று மணி வரை ஸ்டோரில் இருந்தார். வெளியே போய் எங்கோ விழுந்திருக்கிறார்.” சாட்சி என்ன? அட்டை.

கண்ணையா சண்டை போட்டார், கட்டிலில் படுத்துக்கொண்டே. அதனால் தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு ஆள் வந்தது. அதற்கு முந்தின நாள் மாலை பார்வதியக்கா ஆலை வாசலில் எனக்காகக் காத்திருந்தார்.

“தம்பி, நீங்கதானே அவருக்குக் கார்டு அடிப்பீங்க?”

நான் அக்கம்பக்கம் பார்த்தேன்.

“அவர் உங்கள எப்படிப் பேசுவாருன்னு எனக்குத் தெரியும். என்னையும் அப்படித்தான். அதெல்லாம் வேற. ரெண்டு மாசத்துல ஒரு மாசம் போயிருச்சு. கால் மடங்காமப் போயிருமாம். நீங்க அடிச்சதுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா போதும், தம்பி.”

“பாக்கறேன்க்கா” என்றேன். அதே வாய்.

மறுநாள் காலையில் ராயப்பன் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். “நீ அடிச்சேன்னு சொன்னா, ஏழு வருஷமா அடிச்சேன்னு ஆகும். மொதல்ல நீ வெளிய. அப்பறம் நான். அவருக்குக் கால் வருமோ வராதோ, நம்ம ரெண்டு பேருக்கும் சோறு போயிரும்.” பத்து நிமிடம் கழித்து விசாரணை அறையில் உட்கார்ந்தேன். தலைமை அலுவலகத்து ஆள் மலாயில் கேட்டார், அன்று மூன்று மணிக்குக் கண்ணையா ஸ்டோரில் இருந்தாரா என்று. மேசையில் அந்த அட்டை இருந்தது.

“அடா” என்றேன். மலாயில், இருந்தார். இரண்டே எழுத்து.

இத்தனை வருடமும் பயத்தில் சொன்னேன் என்றுதான் சொல்லிவந்தேன். சரசுவிடம், எனக்கு நானே, கோயிலில். பயம் இருந்தது, பொய்யில்லை. பயமில்லாமல் நான் இருந்த நாளே கிடையாது. ஆனால் அந்த எழுத்துகள் வாயிலிருந்து போனபோது, கேண்டீனில் முந்தானையால் வாயை மூடிக்கொண்ட ஒரு முகம் எனக்குத் தெரிந்தது. கருவாடு இல்லாத டப்பா தெரிந்தது. ஓடு இப்போது, பார்க்கலாம் என்று உள்ளே ஒருவன் சொன்னான். அவன் பயந்தவன் இல்லை.

கால் மடங்காமல் போனது. பெரிய குழு வேறொரு எட்டாம் எண்ணைத் தேடிக்கொண்டது. தகரக் கூரை அதிரக் கத்தியவர்கள் அடுத்த பருவத்தில் வேறொரு பெயரைக் கத்தினார்கள். நான் அங்கே முகங்களைப் பார்த்து நின்றவன், சொல்கிறேன். ஒரு முகத்திலும் ஒரு கோடும் மாறவில்லை. கண்ணையா சம்சுக் கடைக்கே குடிபோனார். தம்மை யாராவது ரிபுட் என்று கூப்பிட்டால் அடிக்கப் போவார், விழுவார். பார்வதியக்கா ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தனியாகவும் போனார். அன்று சுவர் எதுவும் காலியாக இல்லை போலும், படம் வரைய.

ஆலை மூடியது. நான் ரொட்டி வேன் ஓட்டப் போனேன். ஸ்கூடாயிலிருந்து பெர்மாஸ் ஜெயா வரை கடை கடையாக ரொட்டி போடுகிற வேலை. பெர்மாஸ் ஜெயாவில் ஒரு கடைத்தொகுதியின் கார் நிறுத்துமிடத்துக்குள் போகவேண்டும். வாசலில் தடுப்புக் கட்டை. அதைக் கயிற்றால் இழுத்துத் தூக்க ஒரு ஜாகா, அதாவது காவல்காரர். முதல் நாள் வேனை நிறுத்தி எட்டிப் பார்த்தேன். பிளாஸ்டிக் நாற்காலியில், வலது காலை முன்னால் நேராக நீட்டியபடி, அவர்.

“யார்ரா இது? கார்டுக்காரனா?”

“அண்ணே. நல்லா இருக்கீங்களா?”

“அது கெடக்கட்டும். அந்த வியாழக்கிழம மூணு மணிக்கு நான் எங்கடா இருந்தேன்?”

பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது.

“சொல்லு லா. சொன்னாத்தான் கட்டை தூக்கும்.”

“ஸ்டோர்ல இருந்தீங்க அண்ணே.”

“ஹா! அங்கதான் இருந்தேன். போ, போ.”

வாரத்துக்கு இரண்டு நாள், நான்கு வருடம். ஒரு நாளும் விட்டதில்லை. மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு கேட்பார். போதையில் என் பெயர் மறந்த நாளிலும் கேள்வி மறக்கவில்லை. ஒருமுறை தேங்காய் பன் இரண்டு கொடுத்துப் பார்த்தேன். இரண்டையும் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, “ம்ம், எங்க இருந்தேன்?” என்றார். அந்தக் கிழவரை நான் வெறுத்தேன். கயிறு அறுந்து கட்டை அவர் தலையில் விழட்டும் என்றுகூட நினைத்திருக்கிறேன். பிறகு, அப்படி விழுந்துவிடுமோ என்று கவலைப்பட்டு, கயிறு இற்றுப்போயிருக்கிறது என்று கடைத்தொகுதி அலுவலகத்தில் நானே புகார் சொன்னேன்.

ஒருநாள் துணிந்தேன். பின்னால் வண்டி எதுவும் இல்லை. “பாடாங்ல இருந்தீங்க அண்ணே. லோங்காங்ல விழுந்தீங்க. கார்டு அடிச்சது நான்” என்றேன்.

சிரிப்பார், திட்டுவார், அழுவார் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன். அவர் கயிற்றைக் கீழே வைத்தார்.

“பொய் சொல்லாத. கார்டு பொய் சொல்லுமாடா? நான் எங்க இருந்தேன்?”

கட்டை தூக்கவில்லை. பின்னால் மூன்று கார் சேர்ந்துவிட்டது. நான் “ஸ்டோர்ல” என்று சொன்ன பிறகுதான் தூக்கினார். அந்த வாரமே முதலாளியிடம் கெஞ்சிப் பாதையை மாற்றிக்கொண்டேன். அவர் இறந்தது எனக்கு ஏழெட்டு மாதம் கழித்துத்தான் தெரியும்.

திறப்பு விழாவுக்குப் போகக்கூடாது என்றுதான் இருந்தேன். சரசுதான் சொன்னாள், “போகலன்னா ஒரு வருஷம் அதயே நெனச்சிக்கிட்டு இருப்பீங்க. போயிட்டு வந்துருங்க. கேஸ நான் பாத்துக்கறேன்.” போனேன். பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி. முன்வரிசையில் ராயப்பன். எண்பதைத் தாண்டிவிட்டார், பொன்னாடை போர்த்தியிருந்தார்கள். இரண்டு நாற்காலி தள்ளி, வெள்ளைப் புடவையில் பார்வதியக்கா.

ராயப்பன் பேசினார். கம்பெனி அவரைப் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்டதாம். உச்சியில் இருக்கும்போதே தாமாக ஆட்டத்தை விட்டாராம். எல்லாரும் கைதட்டினார்கள். அந்தத் தட்டலில் குளிர்ந்துபோய்க் கூட்டத்தைப் பார்த்தவர் கண்ணில் நான் பட்டேன். “அதோ நம்ம ஆலைப் பையன் நிக்கிறான். அவன் கூடவே இருந்தவன். என்னப்பா, நான் சொல்றது உண்மைதானே?”

பேச்சாளரே கேட்டுவிட்டார் என்று தினேஷ் ஒலிவாங்கியை என் கையில் திணித்தார். நூறு முகம் என்னைப் பார்த்தது. முகங்களைப் பார்த்தே பழகியவன் நான். அவை ஒன்றாகத் திறக்கக் காத்திருந்தன, கோலுக்குக் காத்திருக்கிற மாதிரி.

“இல்ல” என்றேன். “அன்னிக்கு அவர் ஸ்டோர்ல இல்ல. பாடாங்ல இருந்தாரு. கம்பெனி ஆட்டம். கார்டு அடிச்சது நான். அடிக்கச் சொன்னது நீங்க.”

எந்த ஸ்டோர், எந்தக் கார்டு? யாருக்கும் எதுவும் புரியவில்லை. தினேஷ் மெதுவாக ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார். “அங்கிள் ரொம்ப எமோஷனல் ஆயிட்டாரு. ஒரு பெரிய கைதட்டல் குடுங்க!” கொடுத்தார்கள். ராயப்பன் காதில் வைத்திருந்த கருவியைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

பார்வதியக்கா மட்டும் திரும்பி என்னைப் பார்த்தார். விழா முடிந்து போகும்போது என் பக்கத்தில் வந்து நின்றார். கை கூப்பலாமா, காலில் விழலாமா என்று நான் குழம்பிக்கொண்டிருந்தேன்.

“ஒரு மாசம் இருந்துச்சு, தம்பி” என்றார். “அப்ப ஒரு மாசம் இருந்துச்சு.”

போய்விட்டார்.

ஆலை இருந்த இடத்தில் இப்போது மாடி வீடுகள். பாடாங் இல்லை. லோங்காங்கை மூடி மேலே நடைபாதை போட்டுவிட்டார்கள். காலையில் அதில் வேகவேகமாக நடக்கிறார்கள், இரண்டு முழங்காலும் மடங்கும் மனிதர்கள். என் மகன் வேலை செய்யும் தொழிற்சாலையில் அட்டை கிடையாது. முகத்தைக் காட்டினால்தான் கதவு திறக்கும். ஒருவனுக்காக இன்னொருவன் வந்திருக்க முடியாது. நல்லதுதான்.

விழாவிலிருந்து நேராக வீட்டுக்குப் போகவில்லை. பெர்மாஸ் ஜெயாவுக்கு ஓட்டினேன். அந்தக் கடைத்தொகுதியின் வாசலில் நாற்காலி இல்லை, கயிறு இல்லை. பல்லிளிக்கிற ஓர் இரும்புப் பெட்டி நின்றது. வண்டி அருகே போனதும் வண்டி எண்ணைப் படித்துவிட்டுக் கட்டை தானாகவே மேலே போனது.

நான் நகரவில்லை. கண்ணாடியை இறக்கி, அந்தக் கேள்விக்குக் காத்திருந்தேன். கட்டை மேலேயே நின்றது. பின்னால் ஹாரன் அடித்தார்கள், திட்டினார்கள். உள்ளே போகச் சொன்னார்கள். எதுவுமே கேட்காமல்.